அடுப்புக்கு மேலே இருந்த நீல எழுத்து

தோஸ்து,

சுனாமி வந்து போனதற்கு மறு வருஷம் அது. ஐப்பசியில் பிடித்த மழை விடாமல் கொட்டி, ராயபுரத்தில் உன் தங்கச்சி வீட்டுக்குள் முட்டிவரை தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்து, தை பிறந்து, சுவர் காய்ந்த பிறகு நீயும் நானும் அங்கே பெயின்ட் அடிக்கப் போனோம். தேதி எனக்குத் தெரியாது. மழையையும் சாவையும் வைத்துத்தான் நான் வருஷங்களைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை அதே வீட்டில், அதே சமையல்கட்டில் குந்திக்கொண்டு தரையைச் சுரண்டினேன். ஜன்னல் கம்பிக்கு யாரோ பெயின்ட் அடித்துவிட்டுத் தரையெல்லாம் சொட்டு விட்டுப் போயிருக்கிறார்கள். உன் தங்கச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். துணியில் டர்பன்டைனை ஊற்றினேன். அந்த வாசனை மண்டைக்குள் ஏறியதும், உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

வேலை முடிந்து கை கழுவிவிட்டு அவளிடம் கேட்டேன். "ஒரு லெட்டர் எழுதித் தர்றியாம்மா?"

"யாருக்குண்ணா?"

"உங்க அண்ணனுக்கு."

"செத்த மன்சனுக்கு இன்னாத்துக்கு லெட்டரு? எந்த போஸ்ட்மேன் எத்துகினு போவான்?" என்று சிரித்தாள். ஆனாலும் நோட்டை எடுத்து வந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். நான் 'கீது' என்றால் 'இருக்கிறது' என்று திருத்திப் படித்துக் காட்டுகிறாள். உன் மேல் இத்தனை வருஷமாக அவள் வைத்திருக்கிற கோபம் என்மேல் இருக்க வேண்டியது. நேரே முகத்தைப் பார்த்து அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

நம் வேலையில் பிரஷ் உன்னுடையது, துணி என்னுடையது. நீ அடித்துக்கொண்டே போவாய். சிந்தியதையும் தெறித்ததையும் வழிந்ததையும் நான் எடுத்துக்கொண்டே பின்னால் வருவேன். ஈரமாக இருந்தால் ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒத்தி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவிவிடும். காய்ந்துபோன சொட்டுக்கு பிளேடைச் சாய்த்துப் பிடித்து, கீறல் விழாமல் தள்ள வேண்டும். கையில் ஒட்டியதற்குத் தேங்காய் எண்ணெய். "நான் அடிச்சத எவனும் பாக்க மாட்டான் மாமு. நீ தொடைக்காம வுட்ட ஒரு சொட்டத்தான் பாப்பான்" என்பாய்.

அன்று நீ ஜன்னல் கதவுக்கு நீலம் அடித்தாய். அடுப்புக்கு மேலே வெள்ளை டைல்ஸ். அதில் பொடிப்பொடியாக நீலம் தெறித்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தேன். மூலையில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் வேறொரு நீலம் இருந்தது. மெல்லிசாக, சுழித்துச் சுழித்து, வரிசையாக.

தெறிப்பு என்று நினைத்து நான் அதைச் சுரண்டிவிட்டேன் என்றுதான் நீ சாகும்வரை நம்பினாய். இல்லை தோஸ்து. அது எழுத்து என்று எனக்குத் தெரிந்தது. தெறித்த பெயின்ட் வரிசையில் நிற்காது. அதையே பார்த்துப் பார்த்துப் பழகின கண் என்னுடையது.

இங்கே பேனா நின்றுவிட்டது. நான் தலை தூக்கவில்லை. "சொல்லு" என்றாள். 'ண்ணா' இல்லை.

நீ ஏணிமேல்தான் நின்றிருந்தாய். 'இன்னா எழுதிக்கீது, எடுக்கலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரிந்துபோகும். டீக்கடையில் உன் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருகிறவன் நான். டைல்ஸ் ஒட்டினவன் ஏதோ குறித்து வைத்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிளேடை வைத்தேன். இரண்டு தள்ளில் போய்விட்டது.

உன் தங்கச்சி மீன் கூடையோடு வந்தாள். கூடையைக் கீழே வைக்கவில்லை.

"யாரு அத்த தொட்டது?"

குரல் பெரிதாக இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஏணிமேலிருந்து "நான்தாம்மா" என்றாய்.

"நீயா? உனக்குப் படிக்கத் தெரியாதா? கண்ணு அவிஞ்சிபோச்சா உனக்கு?"

நீ பிரஷை டப்பாவில் தோய்த்தாய்.

சாயங்காலம் தெருமுனையில் டீ வாங்கித் தந்து விஷயத்தைச் சொன்னாய். அவள் புருஷன் காசிமேட்டில் படகுகளுக்குப் பேர் எழுதுகிறவன். அவன் செத்து அப்போது எட்டு மாசம். அவள் அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறாள் என்று, உயிரோடு இருந்தபோது தன் மெல்லிய பிரஷால் 'கேஸ மூடுடீ' என்று எழுதி வைத்தானாம். அவன் கையெழுத்து என்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

"ஏன்டா உன் மேல போட்டுகினே?" என்றேன்.

"படிக்கத் தெரியாதான்னு கேட்டாளே, அத்த உன்ன கேட்டிருந்தா? டப்பா மேல பேரு இருக்கச்சே மூடிய மோந்து பாத்து எடுக்கறவன் நீ. எனக்குத் தெரியாதா மாமு? டீய குடி."

உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் மறைத்ததெல்லாம் வீண். அந்த நிமிஷமாவது, எழுத்து என்று தெரிந்துதான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் உன் வீட்டுப் படி ஏறவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரமும் கேக்கும் என் வீட்டுக்கு வரும், உன் வீட்டுக்கு வராது. நான் உனக்குக் கொண்டுவந்தால் டப்பாவைத் திறக்க மாட்டாய். "அவ குடுக்கட்டும், துண்றேன்" என்பாய். திரும்ப எடுத்துப் போய் நான் தின்றேன். ஒவ்வொரு வருஷமும் தின்றேன்.

போன தவக்காலத்தில் நீ போனாய். அவள் வந்து உன் கால்மாட்டில் நின்றாள். "தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு தபா வந்து சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?" என்று உன்னைக் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த இரண்டு தள்ளு இன்னும் என் விரலில் இருக்கிறது.

இப்போது அவள் நோட்டை வைத்துவிட்டு எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"பலகாரத்த அண்ணன் தொடவேயில்லையா?"

"தொடலம்மா."

"ஒரு வருஷம்கூடவா?"

"ஒரு வருஷம்கூட."

பிறகு வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

"மேல சொல்லு."

மேலே ஒன்றும் இல்லை. "தெரிஞ்சே அழிச்சவன் நான், உங்க அண்ணன் இல்ல. இத்த ஒரு எழுத்து மாத்தாம எழுது" என்றேன். பேனா ஓடியது. இந்தத் தடவை படித்துக் காட்டவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவள் எழுதியது நான் சொன்னதுதானா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. பார்த்துச் சொல்ல நீ இல்லை. அவள் புருஷன் இல்லை. நான் சொல்வதைக் கேட்க மிச்சம் இருப்பவள் ஒருத்திதான். உன் தங்கச்சி செலின்.