கற்பூரம் அணைத்தவன் ஓட்டு

12-7-1960

இன்று கம்பெனி லாரி வருவதற்கு முன்பே போர்மேன் சீனிவாசகம் வந்துவிட்டார், தட்டில் கற்பூரத்தோடு. மற்ற நாளில் எங்கள் தெருவை எட்டிப் பார்க்காத மனுஷன். ஆம்பளைகளை எல்லாம் காளியம்மன் கோயிலுக்குள் வரிசையாக நிற்க வைத்தார்.

பஞ்சாயத்து வார்டுக்கு எங்கள் தெரு வெள்ளைத்துரை நிற்கிறான், மண்வெட்டிச் சின்னத்தில். எதிர்த்து நிற்பவர் பெரிய தெரு சோலைமலை. சின்னம் தராசு. எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குச் சம்பந்தி.

"ஏலே, ஒவ்வொருத்தனா வந்து கற்பூரத்தை அணைச்சுச் சொல்லுங்கலே, தராசுக்குத்தான் போடுவோம்னு. சொல்லாதவன் நாளையிலருந்து லாரியில ஏற வேண்டாம்."

வெள்ளைத்துரை வந்தால் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் கிணறு வரும். எனக்குத் தெரியாதா? ஆனால் என் முறை வந்ததும் கை தானாகப் போய் நெருப்பை அடித்து அணைத்தது. சுடக்கூட இல்லை.

13-7-1960

மிரட்டி வாங்கின சத்தியம் சத்தியமா? இல்லை என்கிறது புத்தி. ஆனால் நான் மருந்து அறையில் வேலை பார்க்கிறவன். நெருப்பைத் தொட்டுச் சொன்ன சொல்லை மீறிவிட்டு, மறுநாள் எந்தத் தைரியத்தில் வெடிமருந்தைச் சலிப்பேன்? ஆத்தாளுக்கு ஒரு பொறி போதாதா?

வெள்ளைத்துரை தோளில் தட்டினான். "கற்பூரம் கெடக்குலே மாப்ளே. ஒன் ஓட்டு எனக்குத்தான்னு எனக்குத் தெரியும்." பேசாமல் போயிருக்கலாம் பாவி.

16-7-1960

இன்று ஓட்டு. மறைப்புக்குள் சின்னத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள். நான் தனியாகத்தான் போனேன். ஆனால் கூடவே கற்பூர வாசமும் வந்த மாதிரி இருந்தது. சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே, "சீக்கிரம்ப்பா" என்று சத்தம்.

தராசுப் பெட்டியில் போட்டேன்.

17-7-1960

வெள்ளைத்துரை ஜெயித்துவிட்டான்!

எப்படி? போர்மேன் எங்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்க்கிறார். நாங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், எவன் கண்ணை ஆத்தா பிடுங்கப் போகிறாளோ என்று. வீட்டுக்கு வந்து பெண்டாட்டி முருகம்மாளிடம் புலம்பினேன். அவள் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்:

"கற்பூரத்தை அணைச்சது நீங்க. எங்களை யாரு கூப்பிட்டா? பெரிய தெருக் கிணத்துல ஏச்சு வாங்கித் தண்ணி சொமக்கிறது நாங்கதான?"

தெருப் பெண்கள் அத்தனை பேரும் மண்வெட்டிக்குப் போட்டிருக்கிறார்கள். போர்மேன் அவர்களை ஓட்டாகவே நினைக்கவில்லை. நான் மட்டும் நினைத்தேனா?

18-7-1960

வெள்ளைத்துரை வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நீ இருக்கையில எனக்கென்னலே!" முருகம்மாள் என்னையே பார்த்தாள். காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

4-3-1961

கிணற்றில் ஊற்றுக் கண்டுவிட்டது. தெருவே குலவை போட்டது. கொஞ்சம் உப்புக் கரிக்கிறது என்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு வாயும் உறுத்துகிறது.

7-8-1965

மறுபடியும் வார்டுத் தேர்தல். மறுபடியும் வெள்ளைத்துரையும் சோலைமலையும். போர்மேனும் வந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில எல்லாரும் கோயிலுக்கு வந்துரணும். இந்தத் தடவை பொம்பளைகளும்தாம்லே. ஒரு வாட்டி ஏமாந்தது போதும்."

இன்னொரு தடவை அதே நெருப்பா? முருகம்மாளும் அணைத்துவிட்டால் யார் மிச்சம்? அவளிடம் கேட்டேன். "பாப்போம்" என்றாள். பெண்கள் எல்லாரும் கிணற்றடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

8-8-1965

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. கூடவே பயமும்.

கோயில் வாசலுக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. போர்மேன் வீடு வீடாகப் போனார். ஒவ்வொருத்தியும் வீட்டுக்கு வெளியே ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். "நான் தூரமா இருக்கேன் ஐயா. கோயிலுக்குள்ள வரக் கூடாது." தெரு முழுக்க, ஒரே நாளில்! கடைசி வீட்டில் பல் போன சண்முகத்தாய்க் கிழவியும், "நானுந்தேன் சாமி" என்றாள். எந்த ஆம்பளை அதைச் சோதித்துப் பார்ப்பான்? போர்மேன் முகம் செத்துப்போயிற்று.

"சரி, ஆம்பளைக வாங்கலே. சங்கிலிமுத்து, மொதல்ல நீ வா."

எழுந்தேன். கால் கோயில் பக்கம் போகவில்லை. முருகம்மாள் வேப்பமரத்தடியில் கூழ்ச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நேரே அவளிடம் போனேன்.

"ஒரு வாய் ஊத்து."

பதறி நிமிர்ந்தாள். "என்ன செய்றீக? எல்லாரும் பாக்காக..."

"பாக்கட்டும்."

ஊற்றினாள். அவள் விரலைத் தொட்டே வாங்கிக் குடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "போர்மேன் ஐயா, தூரமானவ கையால வாங்கிக் குடிச்சிட்டேன். எனக்கும் தீட்டு. நான் கோயிலுக்குள்ள வரக் கூடாது."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவனாக அவனவன் வீட்டுப் பக்கம் நடந்தான், ஒரு வாய் கூழுக்கு. அணைக்க ஆள் இல்லாமல் கற்பூரம் எரிந்து தீர்ந்தது.

9-8-1965

லாரி எங்கள் தெருவில் நிற்கவில்லை. எல்லாரும் நடந்தே போனோம். தீபாவளிச் சீசன் நேரம், ஆள் இல்லாமல் கம்பெனி என்ன செய்யும்? முனகிக்கொண்டே உள்ளே விட்டார்கள். சல்லடையைத் தொடுமுன் ஒரு கணம் கண்ணை மூடினேன். ஒன்றும் நடக்கவில்லை.

முருகம்மாளிடம், "ஓட்டுப் போடப் போறதுக்குத் தீட்டு இல்லையா?" என்றேன். "அது என்ன கோயிலா?" என்றாள்.

12-8-1965

ஓட்டுப் போட்டாயிற்று. மறைப்புக்குள் இந்தத் தடவை நான் மட்டும்தான் இருந்தேன்.

வெளியே வந்ததும் வெள்ளைத்துரை கையைப் பிடித்துக்கொண்டான். "மண்வெட்டிதான மாப்ளே?"

"அதையெல்லாம் கேக்கக் கூடாதுலே" என்றேன்.

வீட்டுக்கு வந்து கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு குடித்தேன். உப்புக் கரித்தது. வேறொன்றும் இல்லை.