சட்டை மாட்டும் ஆணி

அன்புள்ள மாமாவுக்கு,

ஏலத்தோட்டத்தில் குளிர் எப்படி? கம்பளியை விட்டுவிட்டுக் கோபத்தை மட்டும் எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

நீங்கள் தடுத்தும் கேட்காமல் வலியோடு திராட்சைப் பந்தலுக்குக் கவாத்து வெட்டப் போனேனே, அதன்பிறகு வலது கை தோளுக்கு மேல் எழவே இல்லை. பக்கத்து வீட்டு மலையம்மாள் அக்காதான் தலை பின்னிவிடுகிறாள். “அவுக எப்ப வாராக?” என்று கேட்டுக்கொண்டே இறுக்குகிறாள்.

தேனியில் கை, கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, “செவுத்துல வெரல எறும்பு மாதிரி மேல ஏத்துங்க ஆத்தா, வலிச்சா நிறுத்திக்கங்க” என்றார். தினமும் ஏற்றினேன். இன்று காலை நீங்கள் சட்டை மாட்டும் ஆணியைத் தொட்டுவிட்டேன், மாமா! கை எட்டுகிறது. மாட்டத்தான் சட்டை இல்லை.

கம்பளியை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வீம்புக்காரி