நீ கேட்காத கைதட்டல்

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அம்மா நலம், நானும் நலம், அடுக்களைக் குழாய் மட்டும் நலமில்லை. மூன்று முறை கழற்றி மாட்டியும் சொட்டுகிறது, ஊரில் உள்ள மண்டபத்துக்கெல்லாம் ஸ்பீக்கர் மாட்டுகிறவன் வீட்டு லட்சணத்தைப் பார் என்று உன் அம்மா கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகிறாள். நீ நலமா என்பதை அவள் வாயால்தான் தெரிந்துகொள்கிறேன். ஐந்து வாரமாக என் போனை நீ எடுக்கவில்லை, அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பாடி அனுப்பிய பாட்டை ஆராதனையில் போட்ட அன்று சபை கைதட்டியது. நாற்பத்தொரு விநாடி தட்டியது. அது உனக்குக் கேட்காமல் போனதற்குக் காரணம் நான், ஆனால் நீ நினைத்த விதத்தில் அல்ல.

நீ அம்மாவிடம் சொன்னதை அவள் ஒரு எழுத்து குறைக்காமல் என்னிடம் சேர்த்தாள். பாட்டு முடிந்த பிறகு நேரலையில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை, அப்பாதான் யாரும் தட்டக்கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருப்பார், இங்கே பாடகர் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன், இனிமேல் பாடப்போவதில்லை, விடுமுறைக்கும் வரவில்லை என்றாயாம். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது சத்தியம், அந்தத் தைரியத்தில்தான் கடைசியாகப் பேசியபோது போனில் உன்னிடம் அப்படிக் கத்தினேன். ஆனால் நீ அப்படி நினைத்ததில் தப்பில்லை. பதினைந்து வயதில் நீ முதல்முறை தனியாகப் பாடி முடித்தபோதும் சபை தட்டியது, நான் சபைக்கு ஒலி பார்க்கிற மிக்ஸர் மேஜையில் இருக்கிற மைக்கை எடுத்து, இது கச்சேரி இல்லை, தட்ட வேண்டாம் என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னேன். நீ படியில் இறங்கும்போது உன் காது இரண்டும் சிவந்திருந்தன, இருபது அடி தள்ளியிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு ஏதோ ஒயரைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

போனை நீ வைத்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்க வேதத்தை எடுத்து உட்கார்ந்தேன், கணினியில் கட்டம் போட்டேன், யார் தட்டினார்கள், எதற்குத் தட்டினார்கள் என்று ஒவ்வொன்றாக நிரப்பினேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, கர்த்தருக்கே கொட்டேஷன் போடுறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். புதிய ஏற்பாட்டில் ஆராதனையில் கைதட்டியதாக ஒரு இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை, அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி எடுத்தது. பழைய ஏற்பாட்டில் சிக்கிக்கொண்டேன். எருசலேம் இடிந்து கிடக்கும்போது வழியில் போகிறவர்கள் தட்டுகிறார்கள், அது கேலி. நினிவே விழுந்த செய்தி கேட்டுத் தட்டுகிறார்கள், அது பழி தீர்ந்த நிம்மதி. எசேக்கியேல் தீர்க்கதரிசியை ஆண்டவரே கையோடு கை தட்டச் சொல்கிறார், அது கோபமா துக்கமா என்று நான்கு முறை வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. சங்கீதப் புத்தகத்தில் எல்லா ஜனங்களையும் தட்டச் சொல்லியிருக்கிறது, அது சந்தோஷம், அதில் வாதாட இடமே இல்லை. இன்னும் போனால் ஆறுகள் தட்டுகின்றன, ஏசாயாவில் வெளியின் மரங்கள் தட்டுகின்றன. ஆற்றுக்கு ஏது கை என்று அந்தக் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அழிக்கவில்லை. என்னை நிறுத்தியது யோவாஸ் ராஜா. குடும்பத்தையே வெட்டிப்போட்ட பாட்டிக்குத் தெரியாமல் ஆறு வருஷம் ஆலயத்துக்குள் ஒளித்து வளர்த்த பிள்ளை, ஏழு வயதில் வெளியே கொண்டுவந்து கிரீடம் வைக்கிறார்கள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஆறு வருஷம் சத்தம் காட்டாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை. அதுவரை அவன் காதில் ஒரு கைதட்டல் விழுந்திருக்காது. அந்தச் சத்தத்துக்கு, நன்றாகச் செய்தாய் என்று அர்த்தம் இல்லை, அவன் இன்னும் எதுவும் செய்யவே இல்லையே. நீ இருக்கிறாய், நாங்கள் பார்த்துவிட்டோம், அவ்வளவுதான் அர்த்தம். அதோடு கணினியை மூடிவிட்டேன், ஆனாலும் தப்பு என்னுடையது என்று அப்போதும் தெரியவில்லை.

அது தெரிந்தது நர்ஸம்மா வீட்டில். உனக்கு நினைவிருக்கும், சபையில் மூன்றாவது வரிசையில் உட்காருவார்களே, ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வாதத்தில் இடது பக்கம் இழுத்து இப்போது கட்டிலோடு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டேப்லெட்டில்தான் ஆராதனை. சத்தம் பழுதாகிவிட்டது என்று போதகர் என்னை அனுப்பினார். நான் போய்ப் பின்பக்கத்தைக் கழற்றி, தூசி ஊதி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சலித்துக்கொண்டு மாட்டினேன். அவர்கள் பழைய பாட்டு ஒன்றைப் போடச் சொல்லி, நல்ல கையால் தொடையில் தட்டிக் காட்டினார்கள். முன்னாடியெல்லாம் சபை தட்டும்போது அந்தத் தாளத்தில் அவர்களும் தட்டுவார்களாம், இடது கை செத்துப்போனதே மறந்துபோகுமாம். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: "நாலு மாசமா நான் ஒருத்திதான் தம்பி தட்டிக்கிட்டிருக்கேன். நீங்கள்லாம் எங்க போனீங்க?"

என் கையில் இருந்த திருப்புளி கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. நான்கு மாதத்துக்கு முன்னால், புதுக் கூரை போட்ட பிறகு மண்டபத்தில் எதிரொலி கூடிப்போனது, கைதட்டும்போது போனில் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இரைகிறது என்று ஒருவர் புகார் சொன்னார். ஒரே ஒருவர். நான் சபைப் பக்கம் வைத்திருக்கிற இரண்டு மைக்குகளும் கைதட்டல் வந்த உடனே தானாக வாயை மூடிக்கொள்கிற மாதிரி நேரலையில் ஒரு வடிகட்டி போட்டேன். போதகரைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, இதெல்லாம் டெக்னிகல் விஷயம். ஆறுதலாகத் தட்டினாலும் கேலியாகத் தட்டினாலும் அந்த வடிகட்டிக்கு ஒன்றுதான், இரைச்சல். அப்படித்தான் நான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மண்டபத்துக்குள் இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது, அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. நீ அங்கே உன் அறையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு விநாடியும் நான்தான் உன் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் வேலைக்குப் பாதியில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கோவிலைத் திறந்துகொண்டு போனேன். ஆள் இல்லாத மண்டபம், பெஞ்சுகளின் மேல் ஜன்னல் கண்ணாடியின் நீலமும் மஞ்சளும் விழுந்து மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. எந்த மண்டபத்துக்குள் போனாலும் நான் முதலில் ஒரு தட்டுத் தட்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவேன், பழக்கம், தட்டினேன். உனக்கு மூன்று வயதில் அம்மா பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று உன்னை வேலைக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போவேன், அவளுக்கும் எனக்குமே அப்போது விவரம் போதாத வயது, நான் தட்டினால் நீயும் தட்டுவாய், பிறகு சுவரில் காதை வைத்து, உள்ள ஒரு பாப்பா இருக்கு, அது எனக்கு பதில் சொல்லுது என்பாய். அது எதிரொலி, பாப்பா இல்லை என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் விளக்கம் கொடுத்தவன். அன்று அந்தச் சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வரும்வரை, முதல்முறையாக, எண்ணாமல் நின்றேன்.

வடிகட்டிக்குப் போகும் முன்பே ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகும், அதை நான் அழிப்பதில்லை. ஹெட்ஃபோனை மாட்டி உன் ஞாயிற்றுக்கிழமையைத் தேடி எடுத்தேன். நீ பாடி முடித்ததும் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை, பிறகு இடது மூலையில் ஒருவர், பிறகு அங்கங்கே, பிறகு எல்லாமாகச் சேர்ந்து பெருகி வந்தது. மூன்று முறை கேட்டேன், நான்காவது முறை கேட்கும்போது கண் செருகிவிட்டது போலிருக்கிறது. கூரை இல்லை, பெஞ்சுகளுக்கு நடுவில் முழங்கால் அளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, மரங்கள் உள்ளே வந்து வரிசையாக நின்றிருந்தன, அந்த இரைச்சல் தண்ணீரா இலையா கையா என்று பிரிக்க முடியவில்லை, நானும் பிரிக்கப் பார்க்கவில்லை. நீ நடுவில் நின்றிருந்தாய், மூன்று வயதுமாக இருந்தாய் பத்தொன்பதுமாக இருந்தாய், சுவரில் காதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். விழித்தபோது மஞ்சள் வெளிச்சம் என் கைமேல் வந்திருந்தது.

இன்னொன்று. என் மேஜை மைக்கும் எப்போதும் பதிவாகும், உன் பதினைந்து வயதில் தட்ட வேண்டாம் என்றேனே, அதே மைக். வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் தட்டி ஓய்ந்த பிறகு அந்த மைக்கில் மட்டும் யாரோ தொடர்ந்து தட்டுகிறார்கள், தாளமும் இல்லை, நிறுத்தவும் தெரியவில்லை, ஏழு தட்டு. பக்கத்தில் யார் நின்றிருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். "ஒவ்வொரு தட்டுக்கும் மோதிரம் இடிக்குது பாருங்க. உங்க கைதான்," என்றாள். எனக்கு ஞாபகமே இல்லை. எழுந்துபோய்க் குழாயை இன்னொரு முறை கழற்றினேன்.

வடிகட்டியை எடுத்துவிட்டேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் நின்று நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், நான்கு வருஷத்துக்கு முன்னால் உன்னைச் சொன்னதற்கும் சேர்த்து, அதே மைக்கில். போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். தகர மழை இரைச்சலுக்கு வேறு வழி பார்ப்பேன், அதற்குத்தானே படித்தேன். இனி நீ பாடுவதும் பாடாததும் உன் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. விடுமுறைக்கு வந்தால் அம்மா சந்தோஷப்படுவாள் என்று எழுதினேன், அது பாதி உண்மைதான், நானும்தான். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, இந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு நேரலையை ஒரு தடவை திறந்து பார், நர்ஸம்மாவும் இருப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் உன்னைக் காக்கிறவர் நீ போகும் வழியெல்லாம் உனக்கு முன்னே போவாராக. கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன், ஒரே ஒரு பதிவுதான் அதில் இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேள். எல்லாரும் நிறுத்தியதும் அணைத்துவிடாதே, கடைசிவரை இரு.

மோதிரம் இடிக்கத் தட்டுகிற,
அப்பா