சயாமிலும் இருட்டும்

1943, ஆடி மாதம், செவ்வாய்.

இன்று வகுப்பில் ரப்பர் மரத்து ஒட்டுப்பாலை உருட்டிப் பூமி செய்தேன். சன்னல் வெயிலில் சுற்றிக் காட்டி, வெயில் படாத பக்கம் இரவு என்றேன். நாங்கள் இருக்கும் கெடாவுக்குச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தேன். லெட்சுமி வந்து பக்கத்திலேயே இன்னொன்று வைத்தாள்.

"இது சயாம் சார். அப்பா அங்கதான் ரயில் ரோடு போடுறாரு."

உருண்டையைத் திருப்பினேன். இரண்டு பொட்டும் சேர்ந்தே இருட்டுக்குள் போயின. அவளுக்கு ஒரே சிரிப்பு.

"அப்ப நமக்கு இருட்டுனா அப்பாவும் வேலைய விட்டுருவாருல்ல சார்?"

தோட்டத்தில் இருட்டிய பிறகு யாருக்கும் வேலை இல்லை. அவளுக்குத் தெரிந்தது அதுதான். அங்கே ஜப்பான்காரர்கள் ராத்திரியிலும் பந்தம் கொளுத்தி வேலை வாங்குகிறார்களாம். தப்பி வந்தவர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

"ஆமாம்மா" என்றேன்.

பொழுது சாய்ந்ததும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனேன். லெட்சுமி வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இருட்டிருச்சு. அப்பா இப்ப சாப்பிட உக்காந்திருப்பாரு."