எதிர்க்கடை வாசலில் மெதுவாக

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது.

கடையை விற்கவில்லை. நேற்று காலை எட்டு கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு, சொல்கிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் இருமல் விட்டதா?

ஆறு மாதம் முன்பு இருபது லிட்டர் பெயின்ட் வாளியோடு கிடங்கு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன் அல்லவா? இதயத்தில் பழுதில்லை, உடம்புக்குப் பழக்கம்தான் இல்லை என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. ஐம்பத்தாறு வயது, சரக்கு பழசாகிவிட்டது என்று முடிவு கட்டி, கடையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று எதிர்க்கடைக்காரரிடம் கேட்டேன். அன்று அவர் முகத்தில் இருந்த களை, அவர் மகன் கல்யாணத்தில்கூட இல்லை.

நீதான் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னாய். அதுவரை தினமும் காலையில் மெதுவாக ஓடுங்கள், மூச்சு இரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம் என்றாய்.

நான் அப்படி ஓடவில்லை. எதிர்க்கடை வாசல் வந்தால் மட்டும் பறப்பேன். வாங்கப்போகிறவர் முன்னால் சரக்கை மட்டமாகக் காட்ட எந்த வியாபாரிக்கு மனசு வரும்? தளர்ந்துபோனவன் என்று தெரிந்தால் விலையைக் குறைத்துவிடுவாரே. தெருமுனை திரும்பியதும் வங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அங்கே இருக்கும் காவலாளி ஒருநாள், "ஐயா, அந்தப் பக்கம் பறந்து வர்றீங்க, இங்க வந்து போஸ்டர் மாதிரி ஒட்டிக்கிறீங்களே!" என்றார். இரண்டு மாதமாகியும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டவில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கடையைத்தானே விக்கப் போறீங்க, உங்களையா விக்கிறீங்க?" என்றாள். முப்பது வருடம் வியாபாரம் செய்தவனுக்கு இது தோன்றவில்லை.

மறுநாள் எதிர்க்கடை வாசலில் வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன். வாளி சுமப்பது இதைவிட லேசு. அவர் ஷட்டரைத் தூக்கியபடி, "என்ன முதலாளி, பின்னாடி நத்தை ஹாரன் அடிக்குது, வழி விடுங்க!" என்றார். அவர் ஆட்களும் சிரித்தார்கள். காது சுட்டது. ஆனால் வங்கிச் சுவரைத் தொடாமல் தாண்டிவிட்டேன். அந்த மாதம் இரண்டு கிலோமீட்டர், அடுத்த மாதம் நான்கு. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடும் ஒரு பெண் தினமும் என்னை முந்திப் போவாள். முதலில் ரோஷம் வந்தது. இப்போது அந்தக் குழந்தைக்குக் கை காட்டுகிறேன்.

நேற்றோடு உன் கெடு முடிந்தது. எதிர்க்கடைக்காரர் ஸ்கூட்டரில் என் பக்கத்திலேயே மெதுவாக வந்து விலை பேச ஆரம்பித்தார். நான் ஓடிக்கொண்டே பதில் சொன்னேன். இருப்பில் உள்ள சரக்கு, கலர் கலக்கும் மெஷின், பெயர்ப்பலகை என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். பாலத்து மேடும் ஏறி முடித்தாயிற்று. "கொஞ்சம் நின்னு பேசுங்களேன், எனக்குத் தொண்டை வறண்டு போச்சு" என்றார். அப்போதுதான் கவனித்தேன், என் பேச்சு ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

சரக்கு இன்னும் பழசாகவில்லை. கடை விற்பனைக்கு இல்லை என்பதை அங்கேயே சொன்னேன். "ஆறு மாசமா இழுத்தடிச்சது இதுக்குத்தானா?" என்று கோபித்துக்கொண்டார். அலைய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், நிற்காமல்தான். சாயங்காலம் கடைக்கு வந்து, என்ன ஷூ போடுகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

விடுமுறையில் வரும்போது சேர்ந்து பத்து கிலோமீட்டர் ஓடலாமா என்று கேட்டிருந்தாய். அம்மாவோடு கலந்து பேசிவிட்டேன், சம்மதம். ஒப்பந்தம் இதுதான்: ஓட்டம் என் வேகத்தில், நீ முன்னால் போய்க் காத்திருக்கக் கூடாது, விமான டிக்கெட் என் செலவு, தங்குவது நீ சொன்ன பத்து நாள் அல்ல, முழுதாக ஒரு மாதம்.

உன் அப்பா