உன் கம்பெனிப் பங்கும் குளியலறை மணியும்

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியம், உன் அப்பாவின் வயிறும் சௌக்கியம் என்று போன வாரம்தான் தெரியவந்தது, அந்தக் கதையைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கு நீயும் உன் தூக்கமும் சௌக்கியமா? ஃபோன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்பாய். கம்பெனி எப்படிடா இருக்கிறது என்று ஃபோனில் கேட்டால் நல்லா இருக்கும்மா என்கிறாய். அந்த நல்லா இருக்கும்மாவை நான் முன்பே கேட்டிருக்கிறேன், பத்தாம் வகுப்பில் நீ கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

சமையலறையை இடித்துக் கட்டுவதற்காகப் பத்து வருடமாகப் போட்டுவைத்த வைப்பு நிதி போன மாதம் முதிர்ந்தது. அதே வாரம் உன் அத்தை கூப்பிட்டு, உன் வீடியோ கேம் கம்பெனியின் பங்கு விலை ஒரே வருடத்தில் மூன்றில் ஒன்றாக இறங்கிவிட்டது என்றாள். கெட்ட செய்தி சொல்வதற்கென்றே அவளுக்கு ஒரு தனிக் குரல் உண்டு, அதில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருக்கும். ஃபோனை வைத்த கையோடு எனக்கு ஒரு யோசனை, மொத்தப் பணத்தையும் அந்தப் பங்கிலேயே போட்டால் என்ன? மலிவாகக் கிடைக்கிறது, பையன் வேலை பார்க்கும் இடம், நாலு பேர் வாங்கினால் விலை ஏறும், அந்த நாலு பேரில் முதல் ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன். தள்ளுபடி என்று பலகை மாட்டியிருந்ததற்காக வீட்டில் ஏழு குடை இருக்க எட்டாவது குடை வாங்கியவள்தானே நான். உன்னிடம் கேட்டால் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பாய், அதுவும் நியாயம்தான்.

அதனால் எங்கள் பல் டாக்டரிடம் கேட்டேன். பதினெட்டு வருடமாக அவர் கிளினிக் வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறேன். பல்லில் சம்பாதிப்பதைப் பங்கில் போடுகிறவர், இரண்டிலும் எப்போது பிடுங்க வேண்டும் என்று தெரிந்தவர். “விலை விழுந்துடுச்சுங்கறதுக்காக மலிவுன்னு ஆயிடாதும்மா. பல்லு ஆடுனா நான் பல்லையா பாக்கறேன், ஈறைத்தானே பாக்கறேன்” என்றார். ஈறு என்றால், பழைய விளையாட்டை ஜனங்கள் இன்னும் விளையாடுகிறார்களா, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், புது விளையாட்டு எப்போது வரும். ஆண்டறிக்கையை அச்சடித்துச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கையிருப்பு ஒரு வருடம் தாங்கும் போலிருக்கிறது. புது விளையாட்டை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டு, விரைவில் எதிர்பாருங்கள் என்று உங்கள் தலைவர் எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போது, கிளம்பிட்டாருங்க, வந்துக்கிட்டே இருக்கார் என்று நோயாளிகளிடம் சொல்வேனே, அதே வாக்கியம்தான், இஸ்திரி போட்டது. பையன் அங்க இல்லைன்னா இந்தப் பங்கைத் திரும்பியாவது பாப்பீங்களா என்றும் டாக்டர் கேட்டார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டேன்.

ஜனங்கள் விளையாடுகிறார்களா என்பதை நானே பார்த்துவிடலாம் என்று உங்கள் விளையாட்டை ஃபோனில் ஏற்றிக்கொண்டேன். எட்டு மாதம் உட்கார்ந்து நீ வரைந்த ஆறு அதில்தானே இருக்கிறது. தண்ணீரில் விளக்கு வெளிச்சம் உடைந்து உடைந்து மறுபடி சேர்கிறது. நான் வாளைத் தொடவே இல்லை, பாலத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தையில் ஈ காக்கை இல்லை. ஆற்றங்கரையில் மட்டும் ஒரே ஒரு ஆள், பெயர் மின்னல் வீரன், எப்போது போனாலும் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார், மூன்று வாரத்தில் ஒரு மீன் பிடித்து நான் பார்த்ததில்லை. எதிரில் இருப்பவருக்கு வணக்கம் சொல்ல அதில் ஒரு மணி உண்டு, நான் அடித்தால் அவரும் அடிப்பார், ஒருநாள் ஒரு தொப்பி பரிசளித்தார். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எங்கோ இருக்கிற யாரோ ஒரு மனுஷர் இப்படித் தவறாமல் வருகிறார் என்றால் ஈறு கெட்டிதான் என்று முடிவுகட்டி, திங்கட்கிழமை வாங்கிவிட டாக்டரின் தரகர் நம்பரைக்கூட எழுதி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரம் கழுவிவிட்டுப் பாலத்துக்குப் போனேன். வீரன் இருந்தார். மணியடித்தேன். நம் குளியலறைக்குள் டிங் என்றது. இன்னொரு முறை அடித்தேன், இன்னொரு டிங். மூன்றாவது டிங்குக்குக் கதவைத் தட்டினேன். உன் அப்பா சட்டையெல்லாம் போட்டபடி, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். மனுஷர் தினமும் முக்கால் மணி நேரம் உள்ளேயே இருக்கிறாரே என்று வயிற்றுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன், அதையும் காட்டிக்கொள்ளாமல் குடித்திருக்கிறார், பாவம். மாடிப்படி ஏறப் பத்து நிமிடம், பெயர் மின்னல் வீரன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். “ஆள் வர்றது கொறைஞ்சா அவனை வேலைய விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. தெனம் ஒரு தலை கூட இருக்கட்டுமேன்னு போறேன்.”

வாளி பக்கத்தில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. கம்பெனியின் கெட்டியான வாடிக்கையாளர் என்று நான் நம்பியது அவரை, அவர் நம்பியது என்னை. டாக்டர் கேட்டதற்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. பங்கு என்று சொல்லிக்கொண்டு உன் வேலையை விலைக்கு வாங்கப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் கேட்டால், என் பணம் பங்கை விற்கிறவர் கைக்குப் போகுமே தவிர உன் கம்பெனிக்குப் போய்ச் சேராதாம். கம்பெனி விழுந்தால் உன் சம்பளமும் என் சேமிப்பும் ஒரே நாளில் போகும். வாங்கவில்லை.

பணத்தை உன் பெயரையும் சேர்த்து வங்கியில் போட்டிருக்கிறோம், நினைத்தபோது எடுக்கலாம். நீ ஆறு மாதம் வாடகை கொடுத்து நிதானமாக வேறு வேலை தேட அது போதும் என்று உன் அப்பா கணக்குப் போட்டிருக்கிறார். சமையலறைக் குழாய் இன்னும் ஒரு வருடம் ஒழுகட்டும், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குச் சமையலே ஓடாது. கம்பெனி நிமிர்ந்தால், வாங்காமல் விட்ட முட்டாள் என்று அத்தையோடு சேர்ந்து என்னைக் கேலி செய். நிமிராவிட்டால் அத்தைக்குத் தெரிவதற்கு முன் எங்களிடம் சொல். நல்லா இல்லம்மா என்று சொல்ல உனக்கு இந்த வீட்டில் எப்போதும் இடமுண்டு.

வேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, நீ எங்கே உட்கார்ந்து என்ன வரைந்தாலும் நன்றாயிருக்க எங்கள் இருவரின் ஆசிகள். மறந்துவிடாதே, பாலத்தின் மூன்றாவது பலகையில் என் கால் உள்ளே போய்விடுகிறது. வேலை இருக்கும்போதே அதைச் சரிசெய்துவிடு, நாங்கள் இப்போது சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அங்கேதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தொப்பி போட்ட உன் அம்மா

(அப்பா கையெழுத்துப் போட வரமாட்டேன் என்கிறார், தூண்டில் ஆடுகிறதாம்.)