வலது குழாயின் படம்

திங்கட்கிழமை, இரவு.

இன்று ஒரகடம் ஸ்கேன் சென்டரில் என் இதயக் குழாய்களை சி.டி. படம் எடுத்தார்கள். துடிப்பு தணிய மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள். படம் எடுத்த பெண்ணுக்குத் தென்காசிப் பக்கம். "மூச்ச இழுத்து நிப்பாட்டுங்க சார். கொஞ்ச நேரந்தான். பேசிராதீய," என்றாள். நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கை அணைக்காமல் தன் பக்கத்தில் இருந்தவரிடம், "துடிப்பு ஏறுதே," என்றாள். "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். நிருபர் புத்தி.

"கேள்வி கேக்க நல்ல நேரம் பாத்தீய," என்றாள் பிறகு, சிரிக்காமல்.

டாக்டர் திரையைக் காட்டினார். இடப்பக்கக் குழாய்கள் தெளிவாக இருந்தன. வலது குழாய் மட்டும் நடுவில் கலங்கி, இரண்டாகத் தெரிந்தது. "நீங்க பேசினதுல படம் அசைஞ்சிருச்சு. இந்த இடத்துல அடைப்பு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. படத்துக்காக ஊசியில ஏத்துற சாய மருந்து இன்னிக்கே மறுபடி வேணாம். வெள்ளிக்கிழமை வாங்க, திரும்ப எடுக்கலாம்."

வாசலிலேயே மனைவி சரோஜா கேட்டாள். "இன்னா சொன்னாங்க? அடைப்பு எதுனா கீதா?"

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

முப்பது வருடத்தில் உறுதியாகாத செய்தி ஒன்றைக்கூட நான் அனுப்பியதில்லை. அவள் உடனே மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். நாளைக் காலை வல்லக்கோட்டை முருகனுக்கு அர்ச்சனை செய்ய வேண்டுமாம். என் வேட்டியையும் எடுத்து வைத்துவிட்டுப் படுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் புரளாமல் தூங்குகிறாள்.

பஸ் ஏறுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். இப்போது எழுப்ப மனம் வரவில்லை.